வேண்டாம் என்று சொல்ல வந்தவர்

கூடைப்பந்து ஆட்டத்தில் என் வேலை உட்கார்ந்திருப்பது. சிரிக்க வேண்டாம், அது ஒன்றும் லேசான வேலை இல்லை. கோர்ட்டுக்கு வெளியே, நடுக்கோட்டுக்கு நேராக ஒரு மேசை போட்டிருப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு அணியின் பெஞ்சு, அந்தப் பக்கம் இன்னொரு அணியின் பெஞ்சு. நடுவில் நான் ஸ்கோர் ஷீட்டோடும் ஒரு பஸ்ஸரோடும் உட்கார்ந்திருப்பேன். யார் கூடை போட்டார்கள், யார் தப்பு ஆட்டம் ஆடினார்கள், ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்திக் கூடிப் பேசிக்கொள்கிற டைம் அவுட் எந்த அணிக்கு இன்னும் எத்தனை மிச்சம், எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும்.

மற்ற நாட்களில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் வேலை. ஷிப்டுக்கு யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்க்கிற இடம். மூன்று நிமிஷம் பிந்தி வந்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உன் மூஞ்சியே கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். கல்லூரியில் மூன்று வருஷம் ஆடினேன், அப்புறம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆட்டத்தை விட மனசில்லாமல் பரீட்சை எழுதி மேசைக்கு வந்தேன். இப்போது நாற்பத்தெட்டு வயதாகிறது.

எங்கள் ஊரில் கூடைப்பந்து தெரியாதவர்கள் குறைவு. அதுதான் தொல்லையே. டீக்கடையில் நிற்கிறவர், பாண்டேஜ் துணி ஏற்றுகிற வண்டியின் டிரைவர், மில் மேஸ்திரி, எல்லாருக்கும் விதி தெரியும். இப்போது செல்போனில் அமெரிக்க ஆட்டமெல்லாம் துண்டு துண்டாக வருகிறதா, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். "பந்து நம்ம பிள்ளைய கையிலதான இருக்கு? டைம் அவுட் கேட்டா குடுக்க வேண்டியதுதான? மேசையில இருக்கறவிய தூங்குறாவளோ?" என்று எனக்குப் பின்னாலேயே நின்று பேசுவார்கள்.

"அது அமெரிக்காவுல அண்ணே. அங்க போயிக் கேளுங்க" என்று திரும்பாமலே சொல்லுவேன்.

நாங்கள் பின்பற்றுகிற விதியில், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது டைம் அவுட் கிடையாது. கோச் மேசைக்கு வர வேண்டும். ஒரு உள்ளங்கையைக் கவிழ்த்து, மற்றக் கையின் விரலை அதன் அடியில் நிறுத்தி, சைகை காட்டிக் கேட்க வேண்டும். கேட்டதும் கிடைத்துவிடாது. ரெஃப்ரி விசில் ஊதிக் கடிகாரம் நின்றால், இரண்டு அணிக்கும் வாசல் திறக்கும். கூடை விழுந்தால், கூடை வாங்கிய அணிக்கு மட்டும் திறக்கும். போட்டவர்களுக்குத் திறக்காது. அடுத்த பந்து எறிய ஒருத்தி பந்தைக் கையில் வாங்கிக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டாளா, அவ்வளவுதான், மூடிவிடும். சில நேரம் அந்த வாசல் ஒரு நொடிதான் திறந்திருக்கும். அந்த ஒரு நொடிக்குள் என் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரிய பிரமிப்பாக இருந்தது. இத்தனை ஓட்டத்துக்கும் வியர்வைக்கும் நடுவில், அடி வாங்கினவனுக்கு மட்டும் மூச்சுவிட ஒரு இடம் வைக்க வேண்டும் என்று எவரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் ஒரு மரியாதை வரும்.

அதே பக்கத்தில் இன்னொரு சின்ன விதியும் உண்டு. கேட்ட டைம் அவுட்டை வேண்டாம் என்று கோச் திரும்பப் பெறலாம், பஸ்ஸர் ஒலிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். கேட்பதற்குச் சைகை இருக்கிறது. வேண்டாம் என்பதற்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இத்தனை வருஷத்தில் ஒரு கோச்சும் வந்து என்னிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்று சண்டைக்குத்தான் வருவார்கள்.

அப்படி ஒரு சண்டைக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு ஆட்டத்தில், கையில் பாதி வடை. கூடை விழுந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸரை அழுத்துவதற்குள் பந்து எறிகிறவள் கைக்குப் போய்விட்டது. டைம் அவுட் போயிற்று, கேட்ட அணி தோற்றும் போயிற்று. அந்தக் கோச் ஒரு வருஷம் என்னை எங்கே பார்த்தாலும் "வடை நல்லா இருந்துச்சா மேடம்?" என்றுதான் கேட்டார். அவமானத்தில் நான் மேசையில் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். அதன் பிறகு யாராவது டைம் அவுட் கேட்டால் கட்டைவிரல் பஸ்ஸர் மேலேயே இருக்கும், கண் வளையத்தின் மேலேயே இருக்கும். வலை அசைவதும் பஸ்ஸர் ஒலிப்பதும் ஒன்றாக இருக்கும். சுற்று வட்டாரத்தில் என்னைப் போல் வேகமான விரல் கிடையாது என்று ரெஃப்ரிமார்கள் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் பெண்களுக்கான போட்டி நடந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள். சிமெண்ட் கோர்ட். ஒரு கூடை கோபுரத்துப் பக்கம், இன்னொன்று ரோட்டுப் பக்கம். சனிக்கிழமை காலையில் அணிகளின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன்.

தளவாய்புரத்து அணியின் கோச். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஊரில் நைட்டி தைக்கிற யூனிட் ஒன்றில் கட்டிங் மாஸ்டர். அணியில் இருந்த ஒன்பது பெண்களும் அதே யூனிட்டில் தைக்கிறவர்கள். சட்டைகூட அவர்களே வெட்டித் தைத்ததுதான், பூப்போட்ட நைட்டித் துணியிலேயே ஓரப்பட்டி வைத்திருந்தார்கள். மேசைக்கு வந்து நின்று, காகிதத்தைக் கையில் பிடித்தபடி, "ப்... ப்..." என்றார். அவருக்குப் பேச்சு திக்கும் என்று புரிந்தது. பாவம், சிரமப்பட வேண்டாமே என்று, "பிளேயர் லிஸ்ட்டா தம்பி? குடுங்க, குடுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண், குட்டையான துடியான பிள்ளை, ஏழாம் நம்பர் சட்டை, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, அவரே சொல்லுவாரு."

சொன்னார். செத்த நேரம் ஆயிற்று. "பேனா வேணும்" என்றார். பட்டியலில் ஒரு நம்பரை மாற்ற வேண்டியிருந்ததாம். பேனாவைக் கொடுத்தேன். உதவி செய்யப் போன என்னிடம் இந்தச் சின்னப் பிள்ளை இப்படி வெடுக்கென்று பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேறொன்றும் உறைக்கவில்லை.

அந்த அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறுதி ஆட்டம், எதிரே ராஜபாளையத்துக் கல்லூரிப் பெண்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் என் மேசையோரம் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் எரிச்சல் போயிருந்ததால் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னைக்குக் கப்பு யாருக்கு?"

"எங்களுக்குத்தான் அக்கா. இல்லேன்னா நாங்க இல்ல" என்றாள். "முதலாளி கறாரா சொல்லிட்டாரு. கப்போட வந்தா சனிக்கிழம மத்தியானத்துக்கு மேல பிராக்டிஸுக்கு விடுதேன், வெறுங்கையோட வந்தா இத்தோட ஆட்டத்த ஏறக்கட்டிருங்கன்னு. மாஸ்டர்தான் போயிக் கேட்டாரு. அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ள முதலாளி ரெண்டு போன் பேசி முடிச்சிட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கயிற்றை இறுக்கிய விரல்கள் வெளுத்திருந்தன. இது அவர்களுக்குக் கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ராஜபாளையத்துப் பிள்ளைகள் உயரம். அதில் ஒருத்தி அப்படியே கையைத் தூக்கினால் வலையைத் தொட்டுவிடுவாள் போல் இருப்பாள். தளவாய்புரத்தார் குட்டை, ஆனால் கால் நிற்காது. முன்னே பின்னே என்று ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. மற்ற ஆட்டங்களில் நடுநடுவே கடிகாரம் பார்க்கிற எனக்கு அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. கடைசிக் கட்டத்தில் தளவாய்புரம் ஒரு புள்ளி முன்னால். பந்து ராஜபாளையத்தார் கையில். பதினெட்டு நொடி மிச்சம்.

மாஸ்டர் மேசைக்கு வந்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரலை அடியில் நிறுத்தினார். அந்தச் சைகையில் ஒரு திக்கலும் இல்லை, கத்தரி வைத்தது போல் துல்லியமாக இருந்தது. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு டைம் அவுட். நான் தலையசைத்தேன். எதிரணி கூடை போட்டால் இவருக்கு வாசல் திறக்கும், போடாவிட்டால் தேவையே இல்லை. புத்திசாலித்தனமாகத்தான் கேட்டிருந்தார். கட்டைவிரலைப் பஸ்ஸரில் வைத்துக் கண்ணை வளையத்தில் வைத்தேன்.

கோபுரத்துப் பக்கக் கூடையில் அந்த உயரமான பெண் பந்தை எறிந்தாள். பந்து காற்றில் இருந்தபோது என் வலது பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அவர்தான், இரண்டாம் முறை வந்து நிற்கிறார் என்று தெரிந்தது. "வே... வே..." என்று கேட்டது. கோச்சுகள் பதற்றத்தில் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பது வழக்கம்தான். கேட்டதுதான் தெரியுமே, தம்பி, கவலைப்படாதே, என் விரல் தயாராக இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வலை அசைந்தது. பஸ்ஸரை அழுத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமாக அழுத்தியதில்லை.

ரெஃப்ரி விசில் ஊதினார். பதினோரு நொடி மிச்சமிருக்கக் கடிகாரம் நின்றிருந்தது. கூட்டத்தில் ஏனோ "அய்யோ" என்றொரு சத்தம் எழுந்தது. எல்லாரும் ரோட்டுப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ரோட்டுப் பக்கக் கூடைக்குக் கீழே ஏழாம் நம்பர் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையைத் தூக்கியபடி. அவளைச் சுற்றி பாதிக் கோர்ட்டுக்கு ஒரு ஆள் இல்லை. பந்து காற்றில் இருக்கும்போதே, அது விழும் என்று தெரிந்து ஓடிப் போயிருக்கிறாள். ராஜபாளையத்தார் ஐந்து பேரும் கோபுரத்துப் பக்கம் குவிந்துகிடந்தார்கள். பந்தை எடுத்த தளவாய்புரத்துப் பெண் எறிவதற்குக் கையை ஓங்கி அப்படியே நிறுத்தியிருந்தாள். ஒரே எறி, ஒரே கூடை, ஆட்டம் முடிந்திருக்கும். என் பஸ்ஸர் அதை நிறுத்திவிட்டது.

திரும்பி அவரைப் பார்த்தேன். உள்ளங்கை விரிந்து "கூடாது, கூடாது" என்பது போல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாய் அந்த முதல் எழுத்திலேயே நின்றிருந்தது. அவர் டைம் அவுட் கேட்க வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்.

எழுந்து நின்றுவிட்டேன். மேசையில் இருப்பவர்கள் எழுந்திருக்கக் கூடாது. ரெஃப்ரி இன்னும் டைம் அவுட் சைகை காட்டியிருக்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"சார், அவரு வேண்டாம்னு சொல்லத்தான் வந்தாரு. நாந்தான் கவனிக்காம அடிச்சிட்டேன்."

ரெஃப்ரி நிதானமான மனிதர். மாஸ்டரைப் பார்த்து, "பஸ்ஸருக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நான் சாட்சி சொல்லுவேன். பிழை மேசையுடையது என்று தீர்மானமாகும், கடைசி டைம் அவுட் அவர் கணக்கிலேயே மிச்சமிருக்கும். அந்தத் திறந்த கூடை திரும்ப வராதுதான், ஆனாலும் பதினோரு நொடியில் ஒரு டைம் அவுட் கையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆமாம் என்று சொல்லுங்கள் தம்பி என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அப்புறம் சொல்லவும் செய்தார். "சொ... சொல்லி முடிக்கல."

யாரும் பார்க்காத ஒன்று. அவர் நாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. பாதிச் சொல் வெளியே வந்துவிட்டது, மீதி உள்ளே நின்றது. பாதியை முழுசு என்று வைத்துக்கொண்டால் கேட்க நாதியில்லை. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லைப் பிறர் முடித்துவைத்திருப்பார்கள், நானே முந்தின நாள் செய்தேன். தனக்கு லாபமாக இருக்கிற இடத்தில்கூட அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சொல்லி முடிக்காதது சொன்னதாகாது. டைம் ஆபீசில் எத்தனை வருஷம் எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு நிமிஷத்துக்கு ஒன்பது பொய் சொல்லுவார்கள். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

ரெஃப்ரி டைம் அவுட் என்று சைகை காட்டினார். நான் ஷீட்டில் அவர்களுடைய கடைசி டைம் அவுட் கட்டத்தைக் கோடு போட்டு மூடினேன். டைம் அவுட்டின் ஒரு நிமிஷம் ஓடத் தொடங்கியது.

என் மேசையிலிருந்து அவர்களுடைய பெஞ்சு நான்கடி தூரம். அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். இந்த முறை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ராஜபாளையத்துக் கோச் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ஏட்டி, அந்த ஏழாம் நம்பரப் பாத்தியளா? எப்படித் தனியா விட்டிய? இனி அவள விடக் கூடாது. ரெண்டு பேரு ஒட்டிக்கிடுங்க!" ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை வார்த்தையை அடைக்க முடியுமோ அத்தனையையும் அடைத்தார்.

இந்தப் பக்கம் மாஸ்டர், "அ... அ..." என்று தொடங்கினார்.

ஒன்பது பெண்கள் காத்திருந்தார்கள். அதை எப்படிச் சொல்வேன்? வேலை போகிற மாதிரியான அவசரம் அவர்கள் தலைக்கு மேல் நின்றது. பதினோரு நொடி, ஒரு புள்ளி பின்னால், சனிக்கிழமைகள் எல்லாம் அந்தப் பதினோரு நொடியில் கிடந்தன. ஒருத்தியும் "என்ன மாஸ்டர்" என்று கேட்கவில்லை. ஒருத்தியும் அவர் வார்த்தையை எடுத்து முடிக்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறவரின் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் போல, நேராக அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தபோதுகூட ஏழாம் நம்பர் துடைக்கவில்லை. ஒரு நொடி பொறுக்காத நான், அந்த ஒன்பது பேர் பொறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

"அவ... அங்கனயே போயி நிக்கட்டும்" என்றார் மாஸ்டர், ஏழாம் நம்பரைக் காட்டி. முதல் வாக்கியம் வந்துவிட்டது. அடுத்தது தொடங்கி நின்றது.

என் பக்கத்தில் கடிகாரம் பார்ப்பவர், "அம்பது" என்றார். நேரம் முடியப்போகிறது என்று ஐம்பதாவது நொடியில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே பஸ்ஸர், அதுவும் என் கையில். அடிக்காமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை. என்னையே வெறுத்துக்கொண்டு அடித்தேன். ராஜபாளையத்தார் கலைந்து கோர்ட்டுக்குள் வந்தார்கள். தளவாய்புரத்தாரில் ஒருத்தியும் அசையவில்லை.

"கைய... தூக்கட்டும். பந்து அவளுக்கு வேண்டாம்" என்று மாஸ்டர் முடித்தார். அப்புறம் பந்து எறிய வேண்டிய பெண்ணின் தோளைத் தொட்டு, கோட்டைக் காட்டி, கோட்டிலிருந்து உள்ளே ஒரு விரலை இழுத்தார். அவ்வளவுதான். அவள் தலையசைத்தாள். பந்து எங்கிருந்து எறிவது என்று மாஸ்டர் ரெஃப்ரியிடம் கையாலேயே காட்டினார், ரோட்டுப் பக்கத்துப் பாதியில், பக்கக்கோட்டிலிருந்து. கடைசி இரண்டு நிமிஷத்தில் டைம் அவுட் எடுத்த அணி அப்படிப் பந்தை முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

பெண்கள் ஓடினார்கள். ஏழாம் நம்பர் போய் ரோட்டுப் பக்கக் கூடைக்குக் கீழே, சற்றுமுன் தனியாக நின்றாளே, அதே இடத்தில் போய் நின்று, அதே மாதிரி கையைத் தூக்கினாள். "இங்க, இங்க!" என்று கத்தினாள். ராஜபாளையத்தார் இரண்டு பேர் ஓடிப் போய் அவளோடு ஒட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, பந்து எறிகிறவளுக்கு முன்னால் நிற்க வேண்டியவள். சற்றுமுன் கண்ட காட்சி அவர்கள் மனசில் அப்படிப் பதிந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கெடுத்த ஓட்டத்தை எடுத்து அவர் ஒரு ஆட்டமாக வெட்டியிருக்கிறார். பாழாய்ப்போனது என்று நான் நினைத்த துணியில் ஒரு சட்டை இருந்திருக்கிறது. எத்தனை பெரிய கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் அந்த நிமிஷத்தில் பாதியை என்னைத் திட்டவே செலவழித்திருப்பார்கள்.

கோட்டில் நின்றவள் பந்தை உள்ளே ஒருத்திக்குக் கொடுத்தாள். கொடுத்த கையோடு தானும் உள்ளே வந்தாள். அவளை மறிக்க ஆள் இல்லை. பந்து திரும்ப அவள் கைக்கு வந்தது. நின்று, மூச்சிழுத்து, எறிந்தாள். பலகையில் பட்டு வளையத்துக்குள் இறங்கியது. நான்கு நொடி மிச்சம். ராஜபாளையத்துக் கோச் மேசைக்கு ஓடி வந்து சைகை காட்டினார். ஷீட்டைப் பார்த்துக் கையை விரித்தேன், அவர்களுக்கு டைம் அவுட் மிச்சமில்லை. அந்தப் பிள்ளைகள் பந்தைத் தூர எறிந்து பார்த்தார்கள், அது வளையத்தின் பக்கமே போகவில்லை.

அதன் பிறகு நடந்த கூச்சலைச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட்டை முடித்துக் கையெழுத்துப் போட எனக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. கோப்பையை வாங்கிக்கொண்டு அவர்கள் வெளியே நின்ற குட்டி வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நம்பர் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "முதலாளி, கப்பு வந்துருச்சு. சனிக்கிழம மத்தியானம். பேச்சு மாறிராதீய, ஆமா."

நான் மாஸ்டரிடம் போனேன். என்னைவிடப் பதினெட்டு வருஷமாவது இளையவர். வார்த்தை எனக்கே சரியாக வரவில்லை.

"தம்பி, எந் தப்புதான். நல்ல வேள, ஜெயிச்சிட்டீய" என்றேன்.

சொல்லும்போதே அந்த "நல்ல வேளை" எனக்குக் கசந்தது. ஜெயித்துவிட்டதால் என் தப்பு சரியாகிவிட்டது என்று அவர் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன் போல. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "நா... நா..." என்று நின்றது. நாங்கதான் ஜெயிச்சிட்டமே, பரவாயில்ல என்றுதான் சொல்லப் போகிறார் என்று, அதை முடித்துவைக்கிற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டு நின்றேன். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஏழாம் நம்பர் போனை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் சொல்லி முடித்தார்.

"நான் சொல்றப்ப நீங்க என்னையப் பாக்கவே இல்ல அக்கா."

கோபம் இல்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, என் பதிலுக்காகக் காத்து நின்றார்.

"இல்ல தம்பி, பாக்கல" என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வேனில் ஏறிக்கொண்டார்.